கர்னல் அப்டேட் போட்ட பிறகும் ஸ்கேனர் ஓட்டை இருக்கிறது என்கிறது. பேட்சை நானே எடுத்து ஒட்டலாமா?

கேள்வியின் சாரம்: லினக்ஸ் சர்வரில் டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் தொகுப்பு) தந்த கர்னல் அப்டேட் போட்டாயிற்று. கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. பதிப்பு எண் பழையதாகவே தெரிகிறது, ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரும் அதே சிவிஇ எண்ணை (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்) காட்டுகிறது. மூல கர்னலில் (டிஸ்ட்ரோ கை வைக்கும் முன் கர்னல் குழுவே வெளியிடுவது) வந்த பேட்சை, அதாவது திருத்தக் குறியீட்டை, எடுத்து ஒட்டலாமா? ரீபூட் இல்லாமல் முடியுமா?

முதலில் ரீபூட் செய்தீர்களா என்று பாருங்கள். பேக்கேஜ் மேனேஜர் புதிய கர்னலை பூட் அடைவில் கொண்டுவந்து வைக்கும், அதோடு சரி. ரீபூட் ஆகும்வரை நினைவகத்தில் ஓடுவது பழையதுதான். டெபியன், உபுண்டு என்றால் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பு ரன் அடைவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் 'நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -ஆர்' கட்டளை அதைச் சொல்லிவிடும். கன்டெய்னர் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) இமேஜை மட்டும் புதுப்பித்திருந்தால் கர்னலைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. எல்லாக் கன்டெய்னரும் ஓடுவது ஹோஸ்ட் கர்னலின் மேல்.

ரீபூட் செய்தும் எண் மாறவில்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. டெபியனில் 'யுநேம் -ஆர்' காட்டும் 5.10.0-21 போன்றது வெறும் ஏபிஐ பெயர் (எந்த மாட்யூல்கள் பொருந்தும் என்று காட்டும் பெயர்). உள்ளே இருக்கும் உண்மையான பதிப்பு 5.10.162, அது 'யுநேம் -வி' கொடுத்தால்தான் தெரியும். ரெட்ஹேட் 8 கடைசிவரை 4.18.0 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய அடித்தளத்துக்கு பேக்போர்ட் செய்து (புதிய பதிப்பின் திருத்தத்தைப் பழையதில் பொருத்தி), எண்ணின் வாலை மட்டும் மாற்றுவார்கள். பல ஸ்கேனர்கள் தலையை மட்டும் பார்த்துவிட்டுக் கத்துகின்றன. எனவே நம்ப வேண்டியது பேக்கேஜின் சேஞ்ச்லாகை (மாற்றப் பட்டியலை). அதில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள், டிஸ்ட்ரோவின் பாதுகாப்புப் பக்கத்தில் அதே எண்ணுக்கு எந்தப் பேக்கேஜ் பதிப்பில் திருத்தம் என்று போட்டிருக்கிறார்கள் என ஒப்பிடுங்கள். ஸ்கேனரிலும் டிஸ்ட்ரோ வெளியிடும் ஓவல் தரவை (எந்தப் பேக்கேஜ் பதிப்பில் எந்த ஓட்டை அடைபட்டது என்ற பட்டியலை)ப் பயன்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய எண் கொண்ட டிஸ்ட்ரோ கர்னலில் பிற்காலத்து வசதிகளும் வந்து சேர்ந்திருக்கும், அவற்றோடு பிற்காலத்து ஓட்டைகளும். 'இந்த ஓட்டை 5.8க்கு மேல்தான், நாம் 4.18' என்று நிம்மதியாக இருக்க முடியாது.

2024 பிப்ரவரி முதல் லினக்ஸ் கர்னல் குழுவே சிவிஇ எண் வழங்குகிறது. பாதுகாப்போடு தொடர்பு இருக்கலாம் என்று தோன்றும் ஏறக்குறைய எல்லாப் பிழைத்திருத்தத்துக்கும் எண் விழுகிறது. ஆகவே பட்டியல் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சிவிஇ சொல்லும் டிரைவர் உங்கள் கான்ஃபிக் கோப்பின்படி கட்டப்பட்டிருக்கிறதா, அதன் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றப்படும் கர்னல் துண்டு) ஏறியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி கழிந்துவிடும்.

இனி நீங்களே ஒட்டுவது. டிஸ்ட்ரோ கர்னல் ஓடும் இடத்தில் வேண்டாம் என்பதே என் பதில். சொந்தமாகக் கட்டிய கர்னலோ, சாதனம் தந்தவர் கைவிட்ட போர்டோ இருந்தால் மட்டும் இறங்குங்கள். பேட்சில் நாலு வரிதானே என்று நினைப்பதில்தான் சிக்கல்.

டர்ட்டி பைப் (சிவிஇ-2022-0847) இதற்கு நல்ல பாடம். திருத்தம் மொத்தமே இரண்டு வரி: இரண்டு ஃபங்ஷன்களில் பைப் பஃபரின் (நிரல்களிடையே தரவு போகும் குழாயின் தற்காலிக இடம்) ஃபிளாக்ஸ் புலத்தை, அதாவது குறிப்புகள் வைக்கும் இடத்தை, சுழியமாக்குவது. துடைக்காமல் விட்ட குறை 4.9 முதலே இருந்தது, ஆனால் அப்போது அதனால் கேடில்லை. 5.8இல் 'இந்தப் பக்கத்தோடு சேர்த்து எழுதலாம்' என்ற குறிப்பும் ஒரு ஃபிளாக் ஆனது. அதன்பின் படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் பக்கத் தற்காலிகச் சேமிப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. திருத்தம் 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் வந்தது. அதாவது ஒரு வரியின் ஆபத்து அந்த வரியில் இல்லை, சுற்றியுள்ள குறியீட்டில் இருக்கிறது. பேட்சுக்கும் இதே விதிதான்: உங்கள் பதிப்பில் சுற்றுப்புறம் வேறாக இருந்தால் சுத்தமாக ஒட்டிக்கொண்ட பேட்சும் வேலை செய்யாமல் போகலாம். ஒரு ஃபங்ஷனை அழைப்பவரே பூட்டை (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் லாக்) எடுத்துக்கொண்டு அழைப்பார் என்று மூலத்தில் நம்பியிருப்பார்கள். உங்கள் பதிப்பில் பூட்டை அந்த ஃபங்ஷனுக்கு உள்ளே எடுப்பார்கள். கம்பைல் ஆகும், பூட் ஆகும், சுமை ஏறும்போது டெட்லாக் (பூட்டுக்காகக் காத்தே உறைந்துபோவது). பிழை நேர்ந்தால் தாவும் லேபிள்களின் வரிசை மாறியிருந்தால் ஒரே நினைவகத்தை இருமுறை விடுவிப்பது நடக்கும். பழைய ஓட்டையை அடைக்கப்போய்ப் புதியது திறந்த கதை.

அதனால் 'பேட்ச்' கட்டளையால் ஒட்டாதீர்கள். சூழல் வரிகள் சற்றுப் பொருந்தாவிட்டாலும் ஃபஸ் கொடுத்து (ஏறக்குறையப் பொருந்தினால் போதும் என்று) ஒட்டிவிடும், ஒரே மாதிரியான இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் தவறானதிலும் போய் உட்காரும். கிட் என்ற குறியீட்டு மேலாண்மைக் கருவியில், ஒரு கமிட்டை (பதிவான ஒரு மாற்றத்தை) மட்டும் எடுத்துவரும் செரி-பிக்கை '-எக்ஸ்' சேர்த்துப் பயன்படுத்துங்கள். மோதல் வந்தால் அங்கேயே நிற்கும், எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும். முதலில் உங்கள் பதிப்புத் தொடரின் ஸ்டேபிள் கிளையில் (திருத்தங்கள் மட்டும் சேரும் கிளை) ஏற்கெனவே பேக்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூலத்தைத் தொடாமல் அதையே எடுங்கள்.

கமிட் குறிப்பில் 'ஃபிக்சஸ்' என்ற வரி இருக்கும். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளத்திலிருந்து முதல் 12 எழுத்துகள் அதில் உண்டு. அந்தக் கமிட் உங்கள் கர்னல் குறியீட்டில் இல்லையென்றால் பேட்ச் தேவைப்படாமலே இருக்கலாம். அதேபோல் நீங்கள் எடுக்கும் திருத்தத்தின் அடையாளத்தையே வைத்து, பின்னால் வந்த கமிட்களின் 'ஃபிக்சஸ்' வரிகளில் தேடுங்கள். திருத்தத்துக்கும் திருத்தம் வருவது சகஜம். 2016 அக்டோபரில் அடைக்கப்பட்ட டர்ட்டி கவ் (சிவிஇ-2016-5195) திருத்தத்தில், பெரிய பக்கங்களைக் கையாளும் பாதையில் குறை இருந்து 2017இல் தனி சிவிஇ வாங்கியது. இந்தத் தேடலைத் தவிர்ப்பவர்கள் பாதித் திருத்தத்தோடு நிற்பார்கள்.

கட்டும்போது ஓடும் கர்னலின் கான்ஃபிக்கை நகலெடுத்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுங்கள் (புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பை அதுவே நிரப்பும்). டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் சான்றிதழ்க் கோப்பின் பாதை எழுதப்பட்டிருந்து அந்தக் கோப்பு உங்களிடம் இல்லாமல் பில்ட் நின்றுவிடுவது வழக்கமான தொல்லை. அந்த மதிப்பைக் காலியாக்கினால் போதும். கர்னல் பெயருக்குப் பின்னொட்டு வையுங்கள், இல்லையேல் பழைய மாட்யூல்களின் மேலேயே எழுதிவிடும். சோதனைக்குத் தனியாகக் கேசான் (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைப் பிடிப்பது) இரண்டையும் இயக்கிய ஒரு கர்னலைக் கட்டி, ஓட்டையைத் தூண்டும் நிரல் கிடைத்தால் மெய்நிகர் கணினியில் பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முன்னால் தூண்டப்படவில்லை என்றால் பின்னால் கிடைக்கும் அமைதிக்குப் பொருளில்லை.

ரீபூட்டில் சொதப்புவது பெரும்பாலும் பேட்ச் அல்ல. பூட் பார்ட்டிஷன் நிறைந்து இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் வட்டை அணுக உதவும் சிறு கோப்புத் தொகுப்பு) உருவாகாமல் போயிருக்கும். திரையில் 'அன்னோன்-பிளாக்(0,0)' என்று பேனிக் (கர்னல் தொடர முடியாமல் நின்றுவிடுவது) வந்தால் முதல் சந்தேகம் அதுதான். டிகேஎம்எஸ் மாட்யூல் (கர்னலுக்கு வெளியிலிருந்து வந்து, ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கட்டப்படுவது) புதிய கர்னலுக்குக் கட்டப்படாததால் வட்டோ நெட்வொர்க்கோ காணாமல் போகும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட குறியீட்டை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூல் ஏறாது. தொலைவில் இருக்கும் கணினி என்றால் பழைய கர்னலையே இயல்பாக வைத்து, கிரப் என்ற பூட் லோடரின் 'கிரப்-ரீபூட்' மூலம் ஒரே ஒரு முறைக்கு மட்டும் புதியதைத் தேர்ந்தெடுங்கள், கூடவே கர்னல் அளபுருவில் 'பேனிக்=10' சேருங்கள். விழுந்தால் 10 விநாடியில் பழையதற்குத் திரும்பும். பூட் அடைவு எல்விஎம் அல்லது ரெய்டில் (பல வட்டுகளைச் சேர்த்தோ பிரித்தோ நிர்வகிக்கும் அமைப்புகள்) இருந்தால் இந்த வித்தை பலிக்காது. கிரப்பால் அங்கே எழுத முடியாது, ஒருமுறைத் தேர்வு அழியாமல் நிற்கும்.

ரீபூட் இல்லாமல் முடியுமா? முடியும், ஓரளவுக்கு. லைவ்பேட்ச் வசதி 4.0 முதல் மூல கர்னலிலேயே உண்டு: எஃப்டிரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்காணிக்கும் கர்னல் வசதி) வழியாகப் பழைய ஃபங்ஷனின் வாசலில் புதியதற்குத் திருப்பிவிடுவது. தரவு அமைப்பு மாறும் திருத்தங்களுக்கு இது மிகவும் கடினம். மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டைக்கு வந்த பக்கப்பட்டியல் பிரிப்பு போன்றவற்றுக்கு நடக்காத காரியம். ஒவ்வொரு செயலும் பழைய ஃபங்ஷனை விட்டு வெளியேறினால்தான் மாற்றம் முழுமையாகும். ஏதாவது ஒரு திரெட் உள்ளேயே தூங்கினால் சிஸ் அடைவிலுள்ள 'டிரான்சிஷன்' கோப்பு 1 என்றே நிற்கும். 0 ஆகாமல் பேட்ச் ஏறிவிட்டது என்று எழுதி மூடாதீர்கள்.

இன்று எதுவும் முடியாது என்றால் வாசலைக் குறுக்குங்கள். கர்னலின் ஃபயர்வால் பகுதியான என்எஃப்-டேபிள்ஸின் ஓட்டை (சிவிஇ-2024-1086) 2024 ஜனவரியில் அடைக்கப்பட்டது, தாக்குதல் நிரல் மார்ச்சில் வெளிவந்தது. அதற்குச் சாதாரணப் பயனரின் யூசர் நேம்ஸ்பேஸ் (அதற்குள் மட்டும் ரூட் அதிகாரம் தரும் தனி வளையம்) தேவைப்பட்டது. 'யூசர்.மேக்ஸ்_யூசர்_நேம்ஸ்பேசஸ்' மதிப்பைச் சுழியமாக்கினால் அந்த வழி அடைபடும். ஆனால் ரூட் இல்லாத கன்டெய்னர்கள் போன்றவை படுத்துவிடும். மாட்யூலைத் தடுக்க 'பிளாக்லிஸ்ட்' வரி போதாது, பெயர் சொல்லி அழைத்தால் ஏறிவிடும். 'இன்ஸ்டால்' வரியில் மாட்யூல் பெயருக்கு எதிரே '/பின்/ஃபால்ஸ்' என்று எழுதுங்கள். ரீபூட் முடிந்ததும் மாட்யூல் தடையை எடுத்துவிடலாம். நேம்ஸ்பேஸ் தடை யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் நான் அதை அப்படியே விட்டுவைப்பேன்.