ஆய்வுக் காட்டில் கதை எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சூழலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இந்தக் கோடையில் ஒரு கள ஆய்வு நிலையத்தில் இளங்கலை மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள். கோடை முழுக்க ஒரே வீட்டில் தங்கி, பகலில் காட்டில் அளவெடுத்து, ராத்திரி எண்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குள் ஓர் ஒட்டுதலை உண்டாக்குவதும், தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குக் கதையாகச் சொல்லப் பழக்குவதும் என் வேலை.

முதல் வாரமே எல்லோரையும் எழுதச் சொன்னேன். வந்ததெல்லாம் ஒரே அச்சு: ‘பூமி ஆபத்தில் இருக்கிறது, என் ஆய்வு அதைக் காப்பாற்ற உதவும்.’ சின்ன வயதிலிருந்தே மலையேற்றம், கூடாரம் என்று வளர்ந்தவர்கள் கலகலவென்று பேசுகிறார்கள். முதன்முறையாகக் காட்டைப் பார்ப்பவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பெண் இதுவரை பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இங்குள்ள மூத்த ஆய்வாளர் ஒருவரோ, கதை என்று இறங்கினால் அறிவியல் நீர்த்துப்போகும் என்கிறார். நான் செய்வது உருப்படியான வேலைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உருப்படியான வேலைதான். உங்கள் மூத்த ஆய்வாளரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் மாநிலத்திலேயே பீட்டர்ஷாமில் இருக்கும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் காடான ஹார்வர்டு ஃபாரஸ்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1907லிருந்து அங்கே ஆய்வு நடக்கிறது. 1991ல் ஜெர்ரி மெலில்லோ என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவும் அங்கே மண்ணுக்கடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, சில சதுர நிலங்களைச் சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் வைக்க ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் காடு முழுக்கப் பனி மூடியிருக்க, அந்தச் சதுரங்களில் மட்டும் பனி உருகிச் சருகு தெரியும்.

முதல் பத்தாண்டு அந்த மண்ணிலிருந்து கரியமில வாயு கூடுதலாக வெளியேறியது. அப்புறம், சூடேற்றிய நிலத்துக்கும் சும்மா விட்ட நிலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. அந்தச் சமயத்தில் யாராவது கதை எழுதியிருந்தால், ‘மண் சூட்டுக்குப் பழகிக்கொண்டது’ என்று நிம்மதியாக முடித்திருப்பார்கள். ஆய்வுக் குழு கம்பியைப் பிடுங்கவில்லை. சில வருடங்களில் வெளியேற்றம் மறுபடி ஏறியது, பிறகு மறுபடி தணிந்தது. 26 ஆண்டுக் கணக்கை 2017ல் வெளியிட்டபோது, இந்த நான்கு கட்டங்களும் சேர்ந்துதான் ஆய்வின் முடிவாக இருந்தன.

உங்கள் மூத்த ஆய்வாளர் பயப்படுவது, அவசரப்பட்டு முடிவு சொல்லிவிடும் கதையைப் பார்த்து. உங்கள் மாணவர்கள் எழுதித் தந்ததும் அந்த ரகம்தான். ஒரே ஒரு கோடையில் பூமியைக் காப்பாற்றியாயிற்று என்று எழுதினால் எழுதுகிறவருக்கே நம்பிக்கை வராது. எல்லோரும் ஒரே வரியில் ஒதுங்கிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீண்டகால ஆய்வு கதை இல்லாமல் நடக்கவே நடக்காது. ஆரிகன் மாநிலத்தின் ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில், மார்க் ஹார்மன் என்ற சூழலியலாளர் 1985ல் 500க்கும் மேற்பட்ட மரத்தடிகளைக் காட்டுத் தரையில் போட்டு, அவை எப்படி மட்குகின்றன என்று பார்க்க ஆரம்பித்தார். ஆய்வின் காலம் 200 ஆண்டுகள். ஆரம்பித்தவர்களில் ஒருவரும் முடிவைப் பார்க்கப்போவதில்லை. எண்கள் கோப்பில் இருக்கும், சரி. எந்தத் தடியை எதற்காக எங்கே போட்டார்கள், எந்த வருடம் எந்தக் கருவி மக்கர் செய்தது, அளக்கும்போது எதைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே காட்டில் 2003லிருந்து எழுத்தாளர்களையும் வரவழைத்துத் தங்கவைத்து, ஆய்வு நடக்கும் இடங்களைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். அந்தத் திட்டமும் 2203 வரைக்கும் போட்டது. 2023ல் அந்தக் காட்டின் பெரும்பகுதி தீயில் சிக்கியது. முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அளவுகள் ஒரு சாட்சி என்றால், அந்த எழுத்துகள் இன்னொரு சாட்சி.

கோடையில் வந்துபோகும் மாணவர்கள்தான் இந்தச் சங்கிலியில் பாதிக் கண்ணிகள். அவர்களுக்கு அது தெரிவதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. ஆகவே, பொதுமக்களுக்கு எழுதச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் அவர்கள் கதை கேட்கட்டும்.

நிலத்தில் ஆரம்பிக்கலாம். ஹார்வர்டு ஃபாரஸ்டின் ஃபிஷர் மியூசியத்தில், 1930களில் செய்த 23 காட்சிப்பெட்டிகள் இருக்கின்றன. செம்புக் கம்பியை முறுக்கி மரம் மரமாகச் செய்திருக்கிறார்கள். அவற்றில் ஏழு பெட்டிகள் ஒரே இடத்தைக் காட்டுபவை. 1700ல் பெருங்காடு. 1740ல் ஒரு குடும்பம் மரத்தை வெட்டி வீடு கட்டுகிறது. 1830ல் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் மேய்ச்சலும் கல்வேலியும். 1850ல் நிலத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், புல்லில் பைன் கன்றுகள் தலைகாட்டுகின்றன. 1910ல் அந்தப் பைனையும் வெட்டுகிறார்கள். பிறகு அடிக்கட்டைகளிலிருந்து வேறு மரங்கள் துளிர்த்து எழுகின்றன. இதைப் பார்த்த பிறகு அங்கே காட்டுக்குள் நடந்தால், நடுக்காட்டில் யாருக்கும் வேண்டாமல் ஓடும் கல்வேலிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆதிகாலத்திலிருந்து இப்படியே இருக்கிறது என்று மாணவர் நினைத்துக்கொண்டிருந்த காடு, கைவிட்ட வயலில் முளைத்தது. அதற்கும் முன்னால் அது நிப்மக் என்ற பழங்குடி மக்களின் மண், அவர்கள் இன்றும் அந்த மாநிலத்தில் வாழ்கிறார்கள். கதையை 1740லிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

உங்கள் நிலையத்தில் காட்சிப்பெட்டி இருக்காது. வருடக்கணக்காக அங்கே வேலிக்கம்பி கட்டி, கருவி பழுது பார்த்து வரும் ஒரு கள உதவியாளர் கட்டாயம் இருப்பார். ஒருநாள் மாணவர்களை அவரோடு நடக்க விடுங்கள். பேராசிரியர்கள் கூட வர வேண்டாம். ‘இந்த இடத்தில் என்ன தப்பாகப் போனது?’ என்று ஒரே கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தப்பாகப் போனதைச் சொல்லும்போதுதான் மனிதர்கள் நுணுக்கமாகப் பேசுவார்கள்.

ஒட்டுதலுக்கு வருகிறேன். அறிமுக விளையாட்டு, வட்டமாக உட்கார்ந்து மனம் திறப்பது, இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள்தான் அங்கேயும் பேசுவார்கள். சேர்ந்து செய்யும் வேலையில் ஒட்டுதல் தானாக வரும். உங்கள் பக்கம் மான் உண்ணி அதிகம், அது கடித்தால் லைம் நோய் வரும் என்ற பயம் உண்டு. கோடையின் முன்பாதியில் அதன் குஞ்சுகள் கசகசா அளவுதான் இருக்கும். சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பியதும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், பிடரி என்று தேடியாக வேண்டும். தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது, இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் வரும் பேச்சைக் கவனியுங்கள். யார் சேற்றில் விழுந்தார், எந்த அளவுகோலை எங்கே மறந்து வைத்தார் என்று சின்னச் சின்னக் கதைகள் அங்கேதான் ஊறும்.

சமையலையும் முறை வைத்து இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். நன்றாகப் பேசுகிற இருவரை ஒரே முறையில் போடாதீர்கள்.

பேசாத அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். 1987லிருந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் இளங்கலை ஆய்வுத் திட்டங்களில், ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்தும் மாணவர்களைச் சேர்க்கச் சொல்கிறார்கள், உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. கோடையில் கடையில் நின்று சம்பாதிக்க வேண்டிய பிள்ளையும் காட்டுக்கு வர முடிகிறது. ஆனால் காசு கொடுத்துக் கூட்டிவந்துவிட்டால் மட்டும் ‘இது என் இடம்’ என்ற எண்ணம் வந்துவிடாது. மற்றவர்கள் பறவைப் பெயரை வரிசையாக அடுக்கும் இடத்தில் அவள் என்ன பேசுவாள்? அவளுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெயில் காலத்தில் எப்படித் தூங்குவார்கள் என்று கேளுங்கள். சூழலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது நிறைய இருக்கும், அதை அந்தப் பெயரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் கேட்காதீர்கள். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள், உங்கள் ஊர்க் கதையையும் சொல்லுங்கள்.

எழுத வைக்கும்போது இழப்பை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களை அசுவினிக்கு உறவான ஒரு பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. ஊசியிலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது மாதிரி தெரியும். ஜப்பானிலிருந்து வந்த இனம், கிழக்கு அமெரிக்காவில் 1951லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2017ல் ஹார்வர்டு ஃபாரஸ்டில் டேவிட் பக்லி போர்டன் என்ற கலைஞரும் ஆரன் எலிசன் என்ற சூழலியலாளரும் சேர்ந்து, செத்துக்கொண்டிருக்கும் ஹெம்லாக்குகளுக்கு நடுவே சிற்பங்களை வைத்து ஒரு நடைபாதை அமைத்தார்கள். மரங்களைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. சாகும் மரங்களுக்குப் பக்கத்தில் மக்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அறிவியல் அதில் துளியும் நீர்த்துப்போகவில்லை, உங்கள் மூத்த ஆய்வாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசி வாரம் எல்லோரும் மேடையேறி ஆய்வைச் சொல்லும் நாள் இருக்கும். அது நடக்கட்டும், அதற்கும் பயிற்சி தேவை. கூடவே தடிமனான அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்த கோடையில் இதே நிலத்தில், இதே கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறவருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்த மேட்டில் வழுக்கும், எந்த எண்ணை நம்பக் கூடாது, எந்த நாள் அழுகை வந்தது, எதைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டு நின்றோம் என்று எழுதட்டும். படிக்கப்போகிற ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் அந்த ‘பூமி ஆபத்தில் இருக்கிறது’ வரி வராது. பொதுமக்களுக்கான கதையை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நோட்டை அலுவலக அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சாப்பிடும் மேசையிலேயே கிடக்கட்டும், குழம்புக் கறை பட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்.