"ஷேர் பண்ணு" என்றாலே அழுகிறான்: எந்தப் படப் புத்தகம் உதவும்?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. தங்கை தவழ ஆரம்பித்ததிலிருந்து அவனுடைய பொம்மையை அவள் தொட்டாலே தள்ளிவிடுகிறான், கத்துகிறான், தரையில் விழுந்து புரளுகிறான். பகிர்ந்து விளையாடச் சொல்லும் புத்தகங்கள் இரண்டு வாங்கி வாசித்துக் காட்டினேன். கதை கேட்கும்போது சமத்தாகத் தலையாட்டுகிறான். அடுத்த நிமிடமே பிடுங்குகிறான். புத்தகம் சரியில்லையா, நான் வாசிக்கும் விதம் சரியில்லையா?

பதில்: முதலில் உங்கள் மகனுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவன் செய்வது அந்த வயதுக்கே உரியது. பொங்கி வரும் கோபத்தை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகிவிடும். தான் நினைப்பது வேறு, அடுத்தவர் நினைப்பது வேறு என்ற புரிதலே பல குழந்தைகளுக்கு நான்கு வயதையொட்டித்தான் வருகிறது. கதை கேட்கையில் அவன் தலையாட்டியது பொய்யில்லை. கதை புரிந்துவிட்டது. கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"ஷேர் பண்ணு" என்று நாம் எப்போது சொல்கிறோம் என்று பாருங்கள். அவன் கையில் லாரி இருக்கும்போது. சொன்ன கொஞ்ச நேரத்தில் லாரி போய்விடும். அந்தச் சொல்லுக்கு அவன் கற்றுக்கொண்ட அர்த்தம் "பறிகொடு" என்பதுதான். அதே சொல்லை ஒரு புத்தகமும் பக்கத்துக்குப் பக்கம் சொன்னால் அவனுக்கு அது இன்னொரு அதட்டலாகத்தான் படும். அதனால் பகிர்தலை ஒரு மாதம் ஒத்திவையுங்கள். கோபத்திலிருந்து தொடங்கலாம்.

இதற்கு நான் முதலில் கையில் எடுப்பது மாலி பாங் எழுதி வரைந்து 1999-இல் வந்த சோஃபியின் கதை. ஆங்கிலத்தில் 'வென் சோஃபி கெட்ஸ் ஆங்ரி' என்று தேடுங்கள். சோஃபி விளையாடிக்கொண்டிருக்கும் கொரில்லா பொம்மையை அக்கா பிடுங்கிக்கொள்கிறாள். அம்மாவும் அக்கா பக்கம் பேசுகிறாள். சோஃபிக்குக் கோபம் வெடிக்கிறது, பக்கமே சிவப்பாகிறது. ஓடுகிறாள், அழுகிறாள், ஒரு பெரிய மரத்தில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். நிறங்கள் மெல்ல நீலத்துக்கும் பச்சைக்கும் தணிகின்றன. வீடு திரும்பியவளை எல்லோரும் சந்தோஷமாக வரவேற்கிறார்கள். யாரும் அவளுக்குப் புத்தி சொல்வதில்லை. கோபம் வரும், பெரிதாகும், பிறகு தானே இறங்கும் என்று குழந்தை கண்ணாலேயே பார்த்துவிடுகிறது. (தனியாக வெளியே ஓடுவது சில பெற்றோருக்கு உறுத்தும். "நம் வீட்டில் எங்கே போய் உட்காரலாம்?" என்று கேட்டு, ஒரு மூலையை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.)

என்னிடம் வந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தச் சிவப்புப் பக்கம் வந்ததும் சோஃபியின் முகத்தை உள்ளங்கையால் மூடிவிடுவாள். நான் கையை விலக்கவில்லை. நாலாவது முறை வாசித்தபோது விரல்களை லேசாக அகற்றி இடுக்கு வழியே பார்த்தாள். "இப்ப அழுவா," என்றாள் என்னிடம். "அழுதா சரியாயிடும்." அதற்கு மேல் நான் விளக்கப் போகவில்லை.

அடுத்து, வாசிக்கும் விதம். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து படப் புத்தகம் பார்ப்பதைக் கவனித்த ஒரு ஆய்வு 2013-இல் வந்தது. கதாபாத்திரத்துக்கு எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று குழந்தையைப் பேசவைத்த பெற்றோரின் பிள்ளைகள்தான் அதிகம் உதவினார்கள், அதிகம் பகிர்ந்தார்கள். பெற்றோர் தாங்களே உணர்ச்சிகளைப் பெயர் சொல்லி விளக்கிக்கொண்டு போனதற்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆகவே அக்கா பிடுங்கும் பக்கத்தில் நிறுத்தி, "ஐயோ, கொரில்லா போச்சே. இவளுக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தைத் திருப்புங்கள். எல்லாவற்றையும் "கோவம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாமல் ஏமாற்றம், பொறாமை, ஏக்கம், பயம் என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்லிப் பழக்குங்கள். புத்தகம் ஆங்கிலமாக இருந்தாலும் கதையைத் தமிழில் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிருங்கள்: "பார்த்தியா, நீயும் இப்படித்தான் பண்றே!" இப்படிச் சொன்னால் புத்தகம் உங்கள் கட்சிக்குப் போய்விடும், அவன் அதை மறுபடி எடுக்க மாட்டான். புரண்டு அழும் நேரத்திலும் வாசிக்க வேண்டாம். அப்போது பக்கத்தில் அமைதியாக இருந்து, அடிக்கும் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். வயிறு நிறைந்து, தங்கை தூங்கும் பத்து நிமிடம்தான் வாசிக்க நல்ல நேரம். உங்கள் மடியைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்க வேண்டாத நேரமும் அதுதான்.

கோரி டோர்ஃபெல்டின் 'த ராபிட் லிசன்ட்' (2018) புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசையாகக் கட்டிய கோபுரம் இடிந்துபோகிறது. ஒவ்வொரு விலங்காக வந்து பேசு, கத்து, சிரி, ஒளிந்துகொள் என்று ஆலோசனை சொல்கிறது. கடைசியில் வரும் முயல் மட்டும் சும்மா ஒட்டி உட்காருகிறது. பெரியவர்களான நமக்கும் வேண்டிய புத்தகம் அது.

ஒரு மாதம் கழித்துப் பகிர்தல் கதைக்கு வரும்போது, அதில் மனிதக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கதையை மனிதர்களை வைத்தும் விலங்குகளை வைத்தும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு வாசித்தார்கள். மனிதக் கதை கேட்டவர்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதைக்கு அந்தப் பலன் இல்லை. இதற்காக முயலைத் தூக்கிப் போட வேண்டாம், மனதைத் தேற்ற அது நன்றாகவே உதவும். மார்கஸ் ஃபிஸ்டரின் புகழ்பெற்ற 'ரெயின்போ ஃபிஷ்' (1992) மட்டும் உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம் என்பேன். தன் மின்னும் செதில்களைப் பிய்த்துக் கொடுத்த பிறகுதான் அந்த மீனுக்கு நட்பு கிடைக்கிறது. தன் பொம்மையெல்லாம் போய்விடும் என்று பயந்திருக்கும் பிள்ளைக்கு அது அந்தப் பயத்தைக் கூட்டும்.

வீட்டில் கூடவே ஒரு ஏற்பாடு வேண்டும். தங்கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் அவனுக்கே அவனுக்கென்று இரண்டு மூன்று பொம்மைகள். மற்றவற்றுக்கு "நீ விளையாடி முடிச்சதும் பாப்பா முறை". எதைக் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். தானாக முடிவெடுத்துக் கொடுத்த சின்னக் குழந்தைகள் அடுத்த முறை இன்னும் தாராளமாகக் கொடுத்ததை 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, அழுகை அடிக்கடி வெகுநேரம் நீண்டாலோ, பேச்சு வயதுக்குப் பின்தங்கியிருந்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நாலு தாளை மடித்து நீங்களே ஒரு புத்தகம் செய்யுங்கள். ஒரு அண்ணன், ஒரு லாரி, தவழ்ந்து வரும் ஒரு தங்கை. படம் கோணலாக இருந்தால் என்ன? கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "லாரியைக் குடுக்கவே இல்லை" என்று முடித்தாலும் அவன் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த வாரம் அதே புத்தகத்தை எடுத்து, முடிவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.