ஏ.சி. மெக்கானிக் வேலை மட்டமா, அம்மா?

"பத்தாவது முடிச்சதும் ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் படிக்கணும்கிறான், அந்த மட்டமான வேலை வேண்டாம் சார். அறிவியல்ல 47 மார்க்குதான். நீங்க சொன்னாவது பயாலஜி குரூப்ல சேருவான்" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அதன்பிறகு பையனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினேன். அவன் அப்பாவும் டீக்கடையை மூடிவிட்டு வந்து இதைப் படிக்கட்டும்.

நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான். "கடையில தண்ணி கொதிச்ச பிறகு கேஸை முழுசாத் திறந்துவிட்டாலும் சூடு ஏறல சார். தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், 99-லயே நிக்குது. அப்ப எரிஞ்ச கேஸெல்லாம் எங்க போச்சு?"

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 வரை ஏற்ற சுமார் 70 கிலோ கலோரி போதும். கொதிக்கும் அந்தத் தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னொரு 540 கிலோ கலோரி வேண்டும். அத்தனையும் மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கவே செலவாகிறது, அதனால் தெர்மாமீட்டர் அசையாது. உள்ளே போவது வெப்பம். தெர்மாமீட்டர் காட்டுவது வெப்பநிலை. ஒளிந்துகொண்ட இந்தப் பங்குக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டால் புண் ஆழமாவதும் இதனால்தான். 99 வந்ததிலும் தப்பில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் 100-க்குக் கீழேயே கொதிக்கும். நம் வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இன்னும் உயரமான ஏலகிரி மலையில் அதே பாத்திரத்தை வைத்தால் 97-ஐத் தொடுவதே அபூர்வம்.

இந்தப் பாடத்தை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

ஏ.சி. ஓடுவதும் இதே கணக்கில்தான். உள்ளே இருக்கும் காயிலில் திரவம் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்குத் தள்ள, அங்கே அது மறுபடி திரவமாகி வெப்பத்தைக் கக்குகிறது. இப்படி ஆவியாகித் திரவமாகும் பொருளாக இப்போது அதிகம் வரும் ஆர்-32 என்ற கேஸ், சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலிங் வரவில்லை என்றதும் "கேஸ் போடணும்" என்று சொல்பவர் மெக்கானிக் இல்லை. லீக் எங்கே என்று தேடுபவர்தான் மெக்கானிக். உங்கள் பையன் தேடுகிற ரகம்.

ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏ.சி. டெக்னீஷியன் பிரிவு இரண்டு வருடம். முடித்தபின் படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ கையில் வந்தால் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் பாய்லர் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் கருவிகளை நீராவியால் கிருமி நீக்க 121 டிகிரியில் ஓடும் ஆட்டோகிளேவும், 2 முதல் 8 டிகிரிக்குள் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆள் தேவை.

பதினொன்றாம் வகுப்புதான் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால் கணக்கு குரூப் போடுங்கள். பயாலஜி வேண்டாம், அந்தப் பக்கம் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சேரும் முன் ஐ.டி.ஐ.க்கு நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். கேஸ் போடும் முன் ஏ.சி. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் தூசி படிந்து கிடந்தால் வேறு இடம் தேடுங்கள். தனியார் நிலையம் என்றால் மத்திய அரசின் பயிற்சி இயக்ககம் (டி.ஜி.டி.) தந்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மார்க் ஷீட்டோடு அவனையும் கூட்டி வாருங்கள். ஐஸில் உப்புப் போட்டால் ஏன் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.