முதல் ஆல்பம் ரெக்கார்டிங்: வடசென்னை பேண்டுகளின் கேள்விகளும் பதில்களும்

நாலைந்து பேர் சேர்ந்த ராக் பேண்டுகள் முதன்முறையாக ஸ்டூடியோ போகும்போது வரும் சந்தேகங்களுக்கு, சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணே, நாங்க வியாசர்பாடி. 8 பாட்டு ரெடி. எத்தனை நாள் கால்ஷீட் போடலாம்?

டிரம்ஸுக்கு 2 நாள். அதில் முதல் அரை நாள் மைக் வைப்பதிலும் டியூனிங்கிலும் ஹெட்போன் மிக்ஸிலுமே ஓடிவிடும். பேஸுக்கு 1 நாள், கிட்டாருக்கு 2 நாள். பாடகருக்கு நாலு அரை நாளாகப் பிரித்து வையுங்கள். ஒரே நாளில் இரண்டு பாட்டுக்கு மேல் கத்திப் பாடினால் தொண்டை கட்டி, மேல் சுரங்கள் இறங்கத் தொடங்கும். மிக்ஸிங்குக்கு, அதாவது எடுத்ததையெல்லாம் சேர்த்துச் சமன் செய்வதற்கு, தனியாகப் பாட்டுக்கு ஒரு நாள். காசு பத்தவில்லை என்றால் பாட்டைக் குறையுங்கள் தம்பி, நாளைக் குறைக்காதீர்கள். நன்றாக வந்த 4 பாட்டு, அவசரத்தில் எடுத்த 8 பாட்டைவிட மேல்.

போறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணி வைக்கணும்?

ஆல்பம் நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) குறித்து, கிளிக்கோடு (தாளத்துக்கான டிக்-டிக் சத்தம்) ஒரு கிட்டாரும் டிராக் குரலும் சேர்த்து ஒரு கைடு ஃபைல் செய்யுங்கள். டிரம்மர் குறைந்தது இரண்டு வாரம் அதைக் காதில் போட்டு வாசிக்க வேண்டும்.

பிராக்டிஸை போனில் பதிவு செய்து, பல்லவியையும் சரணத்தையும் தனித்தனியாக டேப் டெம்போவில் (தட்டினால் வேகம் காட்டும் ஆப்) தட்டிப் பாருங்கள். சரணத்தில் 120 ஆக இருப்பது பல்லவிக்கு வரும்போது 126க்கு ஓடுவது சகஜம். அதை 120லேயே கட்டிப் போட்டால் பாட்டு செத்துவிடும். பல்லவிக்கு மட்டும் கிளிக்கை 122 என்று வையுங்கள். வேகம் கூடும் உணர்வும் நிற்கும், வாசிப்பும் பிடிக்குள் இருக்கும்.

டிரம்மர் நான். ஸ்டூடியோவோட டிரம் கிட்டையே வாசிக்கலாமா, ஸ்கின் மாத்தணுமா?

கிட் அவர்களுடையதாக இருக்கட்டும். ஸ்னேர் டிரம், சிம்பல், பெடல் மூன்றும் உங்களுடையதாக இருப்பது நல்லது. ஸ்னேரின் மேல் ஸ்கின்னை முதல் நாளே மாற்றி, உள்ளங்கையால் அழுத்தி இழுவை கொடுத்து, மறுநாள் மறுபடி டியூன் செய்யுங்கள். அன்று காலையில் மாற்றினால் மூன்றாவது டேக்கிலேயே சுருதி இறங்கும். பெடலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அந்தக் கீச்சுச் சத்தம் காலால் அடிக்கும் கிக் டிரம்மின் மைக்கில் அப்படியே விழும்.

மைக் வைக்கும்போது ஒன்றை மட்டும் நீங்களே கவனியுங்கள். ஒரு கேபிளின் முனையை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, கிட்டுக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் மைக் வரை இழுத்து, அந்த இடத்தில் விரலை வையுங்கள். அதே நீளம் இன்னொரு ஓவர்ஹெட்டுக்கும் வர வேண்டும். ஒலி 1 மில்லி விநாடியில் போவது ஏறக்குறைய 34 செ.மீ. இந்த இரண்டு தூரமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்னேர் ஒரு பக்கம் ஒதுங்கும், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் மெலிந்தும் போகும். ஸ்னேருக்குக் கீழேயும் மைக் இருந்தால் அதன் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பச் சொல்லுங்கள்.

எங்க பேண்டுல பறையும் சட்டி மேளமும் இருக்கு. கிட்டோட ஒண்ணா எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். பறை எல்லா மைக்கிலும் புகுந்துவிடும், பிறகு எதையும் பிரிக்க முடியாது. கிட் முடிந்ததும் அதைக் கேட்டபடி தனியாக வாசிக்கட்டும்.

பறைக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளி ஒரு மைக், சட்டகத்துக்குப் பின்னால் இன்னொன்று. பின் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பியும் திருப்பாமலும் கேட்டு, அடி கனமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள். மைக்கை ஒட்டி வைத்தால் குச்சியின் சத்தம்தான் வரும், தோலின் குரல் வராது. சட்டியின் அடி ஊசி மாதிரி குத்தும். மீட்டர் காட்டுவதைவிட உண்மையான உச்சம் அதிகமாக இருக்கலாம், அதனால் ஒலி அளவைத் தாராளமாகவே இறக்கி வையுங்கள்.

தோலைக் காய்ச்சுவதற்கு ஸ்டூடியோவுக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். கரண்ட் காயில் அடுப்பை வெளியே வைக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு பறை இருந்தால் ஒன்று காயும்போது மற்றது வாசிப்பில் இருக்கலாம். ராயபுரம், காசிமேட்டுக் கடல் ஈரத்திலிருந்து ஏசி அறைக்குள் வரும் எந்தத் தோலும் ஒரு மணி நேரத்தில் சுருதி மாறும். எனவே ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் தட்டிப் பாருங்கள். கிட்டாருக்கும் இதேதான்: உறையோடு அரை மணி நேரமாவது அறையில் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

கிட்டார் டோன் மேடையில கனமா இருக்கு, ரெக்கார்டிங்ல கொசு மாதிரி இருக்கு. ஏன்?

கெயின் (ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) அதிகம். மேடையில் வைப்பதில் பாதிக்கு இறக்கி, அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் வலம் வையுங்கள். ஒரே டேக்கை காப்பி செய்து வைத்தால் அகலம் வராது. எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி, நடுமூடியின் விளிம்புக்கு நேராக வையுங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை கூடும், ஓரத்துக்குப் போனால் மந்தமாகும். கூடவே டிஐ பாக்ஸ் (கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராக ரெக்கார்டருக்கு இணைக்கும் பெட்டி) வழியாக ஒரு சுத்தமான லைனும் எடுங்கள். டோன் பிடிக்கவில்லை என்றால் அதையே மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பலாம்.

உர்ர்ன்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கு.

அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓசை. நின்ற இடத்திலேயே கிட்டாரைத் திருப்பிப் பாருங்கள், குறைந்தால் அது கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) வாங்கும் சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் நின்றால் காரணம் அங்கே. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

தண்டையார்பேட்டை வீடு. ராத்திரி பூரா கன்டெய்னர் லாரி. முட்டை அட்டை ஒட்டினா குரல் மட்டும் வீட்ல எடுக்கலாமா அண்ணா?

முட்டை அட்டை லாரி சத்தத்தைத் தடுக்காதும்மா. வெளிச் சத்தத்தைத் தடுப்பது சுவரின் கனமும் இடுக்கில்லாத கதவும்தான். உள் எதிரொலிக்கு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து, மைக்கின் முதுகு அதைப் பார்க்கும்படி வைத்து, உங்களுக்குப் பின்னால் கனமான போர்வை தொங்கவிடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்றின் அடியைத் தடுக்கும் வலைத்திரை). 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் லாரி உறுமல் பெருமளவு போய்விடும், ஆனால் ஹார்ன் போகாது. அந்த வரியை மறுபடி பாடத்தான் வேண்டும்.

ஹெட்போன்ல என் குரல் லேட்டா கேக்குது.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைத் தேக்கி வைக்கும் அளவு) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடிதான். மிக்ஸிங்கின்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

டியூனிங் கொஞ்சம் தப்பினா மிக்ஸிங்ல சரி பண்ணலாம்ல?

குரலை ஓரளவு. டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட கிட்டாரில் பல சுரம் சேர்ந்த கார்டை முடியாது. பாட்டுக்குப் பாட்டு டியூனரைப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வேணும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 16 டிராக், 4 நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கு 550 எம்பி. 8 பாட்டுக்கு ஐந்து ஐந்து டேக் என்றால் 22 ஜிபி. 500 ஜிபி டிஸ்க் இரண்டு வாங்கி, தினமும் கிளம்பும்போது இரண்டிலும் காப்பி எடுத்து, வேறு வேறு வீட்டில் வையுங்கள்.

வெளியிடும்போது என்ன என்ன பேப்பர்?

யார் எழுதினார்கள், யார் மெட்டுப் போட்டார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டுவாரியாக எழுதி, மிக்ஸிங் தொடங்கும் முன்பே எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் சேரலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும், அதைப் பெரும்பாலும் பாட்டை ஆன்லைன் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரே கொடுப்பார். ஸ்டூடியோவிலிருந்து மாஸ்டரோடு (வெளியிடத் தயாரான இறுதி ஃபைல்) குரல் இல்லாத மிக்ஸையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் பழைய செஷனைத் திறந்து எடுக்கத் தனிக் காசு ஆகும்.