உடம்பில் புள்ளி, வாலில் வளையம்: வாசகர் கேள்வி-பதில்

விரவல் (diffusion) என்றாலே எல்லாம் கலந்து ஒன்றாவதுதானே? வாளித் தண்ணீரில் சொட்டுநீலம் விட்டால் ஒரே நிறமாகிவிடுகிறது. அதிலிருந்து விலங்குகளின் தோலில் புள்ளியும் வரியும் எப்படி வரும்? (அம்பாசமுத்திரம் வாசகர்)

ஒரே பொருள் விரவினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். 1952-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் ஒன்றோடொன்று வினைபுரியும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டார். ஒன்று தூண்டி என்று வைத்துக்கொள்வோம்; தன்னையும் பெருக்கும், தடுப்பியையும் உண்டாக்கும். தடுப்பி அதை அடக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் விரவினால், தூண்டி கூடிய இடத்திலேயே தடுப்பியும் கூடி அமர்த்திவிடும். தடுப்பி மிக வேகமாக விரவினால்? ஓர் இடத்தில் தூண்டி துளியளவு கூடுகிறது. அதை அடக்கப் பிறந்த தடுப்பியோ அங்கே நிற்காமல் அக்கம்பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. காவல் குறைந்ததால் தூண்டி அங்கே ஓங்குகிறது. சுற்றிலும் தலைதூக்க முடியவில்லை. தடுப்பி தேய்ந்த தூரத்தில் அடுத்த புள்ளி எழுகிறது. இடைவெளியை யாரும் அளந்து வைப்பதில்லை, வினை வேகமும் விரவல் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. விரவல் இல்லாதவரை அசையாமல் இருந்த சமநிலையை விரவலே குலைக்கிறது! எத்தனை முறை பாடம் நடத்தினாலும், கரும்பலகையில் இந்த வரிக்கு வரும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

எங்கள் பக்கம் ராத்திரியில் புனுகுப்பூனை வரும். உடம்பெல்லாம் புள்ளி, வாலில் மட்டும் வளையம். ஏன்? (பாபநாசம்)

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். புள்ளிகளுக்கு இடையே இவ்வளவு தூரம் வேண்டும் என்று டூரிங்கின் சமன்பாடு கேட்கிறது. வாலின் சுற்றளவு அதைவிடக் குறுகலாக இருந்தால் குறுக்கே நிறம் மாற இடமில்லை. நீளவாக்கில்தான் மாற முடியும். அதுதான் வளையம். கணித உயிரியலாளர் ஜேம்ஸ் மரே இதைக் கணக்கிட்டு, புள்ளி உடம்புக்கு வளைய வால் வரலாம், வரி உடம்புக்குப் புள்ளி வால் வராது என்றார். இங்கே அளவு என்பது கருவில் நிறம் தீர்மானமாகும் நேரத்து அளவு, வளர்ந்த பூனையின் அளவு அல்ல.

கணக்கில் வரும் படம் விலங்கின் தோலோடு ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. வேதிக் குடுவையில் டூரிங் கோலம் தெரிந்தது 1990-இல்தான். 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கொண்டோவும் அசாயும் ஒரு கடல் மீனைக் கவனித்தார்கள். அது வளர வளரப் பழைய கோடுகள் அகன்றுபோகாமல், நடுவே புதுக்கோடு முளைத்தது. இடைவெளி மாறவில்லை. எனக்கு இது பெரிய சான்று.

தேரிக்காட்டுச் செம்மணலில் காணும் அலைவரிகளும் இதுதானா?

இல்லை. அது காற்று மணலைத் தள்ளித் தள்ளி உண்டாக்குவது, அங்கே வேதிவினை கிடையாது.

இரண்டு பொருள்களின் வினையையும் விரவலையும் கணக்கிடும் கிரே-ஸ்காட் மாதிரியை பைத்தான் கணினி மொழியில் எழுதினேன். ஒருமுறை திரை முழுக்க ஒரே நிறம், இன்னொரு முறை எண்கள் வெடித்துவிட்டன. (பாளையங்கோட்டை கல்லூரி மாணவி)

முதல் பிழை தொடக்கத்தில் இருக்கும். இந்த மாதிரியில் இரண்டாம் பொருளே இல்லாத வெற்றுநிலை உறுதியானது, சின்ன இரைச்சல் போதாது. நடுவில் ஒரு சதுரத்தில் இரண்டாம் பொருளைத் தாராளமாக வையுங்கள். இரண்டாவது, நேரப்படி (ஒவ்வொரு படியிலும் நகரும் நேரம்) பெரிதாகிவிட்டது. இரு பரிமாணத்தில் அது கட்ட அகலத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவின் (விரவும் வேகத்தைச் சொல்லும் எண்) நான்கு மடங்கால் வகுத்து வரும் எண்ணைத் தாண்டக்கூடாது. கட்டத்தைப் பாதியாக்கினால் நேரப்படியைக் காலாக்க வேண்டும், பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். சரி, கட்டம் 1, நேரப்படி 1, விரவல் கெழு முதல் பொருளுக்கு 0.16, இரண்டாம் பொருளுக்கு 0.08, ஊட்டும் வீதம் 0.035, அகற்றும் வீதம் 0.065 என்று வைத்துச் சில ஆயிரம் படிகள் ஓடவிடுங்கள். ஒரு புள்ளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிரியும்.