வரி வாஷிங்டனில், வெட்டு திருப்பூரில்: கேள்வி பதில்

ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் பிடிப்பதிலிருந்து அனுப்புவது வரை கவனிக்கிறவனாக, பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் திருப்பூர் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோவை, கல்லூரி மாணவி: அண்ணா, அமெரிக்கா வரி போட்டால் அங்கே இறக்குமதி செய்கிறவர்தானே கட்டுகிறார்? திருப்பூர் ஏன் அலறியது?

கட்டுவது அவர்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பருத்தி டி-சர்ட்டுக்கு அங்கே வழக்கமான வரியே 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான். ஐந்து டாலர் டி-சர்ட் நம்மிடம் வாங்கினால் வரியோடு சுமார் 8.30 டாலர், வங்கதேசத்தில் வாங்கினால் சுமார் 6.80. இந்த ஒன்றரை டாலரை யார் தாங்குவது? பையர் (வெளிநாட்டில் வாங்குகிறவர்) தள்ளுபடி கேட்பார், முதலாளி ஜாப் ஒர்க் ரேட்டை, அதாவது வெளியில் தைக்கக் கொடுக்கும் கூலியைக் குறைப்பார், அந்தக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை நடத்துகிற பவர்டேபிள்காரர் டைலர் சம்பளத்தில் கைவைப்பார்.

இன்னொன்று, வெளியில் தெரியாதது. ஆர்டர் குறைந்தால் உடனே ஆளை நிறுத்த மாட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். அவ்வளவுதான், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வேலை இழந்தவர் பட்டியலில் அந்த டைலர் பெயர் வரவே வராது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அப்புறம் அலறாமல் என்ன செய்வார்கள்?

அவிநாசி வாசகர்: வடமாநிலத்தவர் வந்து நம் ஆட்கள் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்கிறேன். மறுப்பீர்களா?

பெரும்பாலும் மறுப்பேன். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் (மத்திய அரசின் பிறப்பு, இறப்பு சர்வே) ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.4 குழந்தை, பீகாரில் 3. இங்கே பிறந்த பிள்ளைகளும் காலேஜ் போய்விடுகிறார்கள். பனியன் கம்பெனியில் டைலருக்கு உதவியாளாக நிற்கும் கைமடி வேலைக்கு உங்கள் பையனை அனுப்புவீர்களா? முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த ஊற்று வற்றியதால்தான் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் ரயில்கள்.

ஆனால் உங்கள் பேச்சில் பாதி நியாயமும் இருக்கிறது. வந்தவர்களுக்குச் சங்கம் இல்லை, பலருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு இல்லை, தங்குமிடமும் கம்பெனி கொடுப்பதுதான். கூலி உயர்வு கேட்க முடியாத ஆள் பக்கத்து மெஷினில் இருந்தால் உங்கள் பேரமும் படுத்துவிடும். கோபம் போக வேண்டிய இடம் முதலாளி அலுவலகம், ரயில் நிலையம் இல்லை. 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, அவர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்கியதும் முதலில் பதறியது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்னிமலை பக்கத்து விவசாயி: தம்பி, உங்கள் டாலர் கதையெல்லாம் சரி. எங்கள் கிணற்றுக்கு யார் பதில்?

ஐயா, இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. ஈரோடு, கரூர் வயல்களுக்காக நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். 1992இல் முடிந்தது. சில வருடத்திலேயே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், துணியில் தங்காத உப்பு முழுக்க ஆற்றில் இறங்கியது. 2004இல் இழப்பீட்டு ஆணையம் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. அந்த வருடங்களில் விற்ற டி-சர்ட் விலையில் உங்கள் கிணறு சேரவே இல்லை. சேர்த்திருந்தால் பல ஆர்டர்கள் நமக்கு வந்தே இருக்காது என்பதுதான் உண்மை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் விழித்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற முறை அதற்குப் பின்தான் ஒழுங்காக அமலானது.

அதே வாசகர்: அப்படியானால் இப்போது சுத்தமா?

முன்பைவிட நிச்சயம் மேல். பெருமளவு தண்ணீரும் உப்பில் ஒரு பகுதியும் மறுபடி பட்டறைக்கே வருகின்றன. ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பைக் கொட்ட இடமில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீரைக் காய்ச்ச விறகும் எரிகிறது. செலவுக்குப் பயந்து சில வேலைகள் வேறு ஊர்களுக்கு நகர்ந்தன, அதோடு கழிவும் நகர்ந்தது. இதையெல்லாம் செய்ததற்காக பையர் ஒரு சென்ட் கூடத் தருவாரா என்றால், சான்றிதழ் மட்டும் கேட்பார்.

கரூர் வாசகர்: ஐரோப்பாவில் வங்கதேசம் நம்மை முந்தியது எப்படி?

பெரிய காரணம் வரி. பின்தங்கிய நாடு என்ற சலுகையில் 2001 முதல் அவர்களுக்கு அங்கே வரி கிடையாது. நாம் 9.6 சதவீதம் வரை கட்டி வந்தோம். நம் லாபமே பல ஆர்டர்களில் அவ்வளவு வராது.

பல்லடம் வாசகி: பத்து மெஷின் போட்டு பவர்டேபிள் ஆரம்பிக்கலாமா அண்ணா?

ஒரே கம்பெனியை நம்பி என்றால் வேண்டாம். அவர்களுடைய பையர் அமெரிக்காவா, ஐரோப்பாவா, உள்நாடா என்று முதலில் கேளுங்கள், மூன்றும் கலந்திருந்தால் நல்லது. சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யத்தை மறக்க வேண்டாம், பாக்கி கேட்க அது உதவும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பணம் நிலுவை வைக்கும் கம்பெனி, அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் பாக்கி கேட்கப் போகும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.