வாசகர் கேள்விகள்: புதருக்குள் ஒரு டப்பா

ஜியோகேச்சிங் பற்றிப் பிரிட்டனில் வாழும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் பத்து வயது மகன் பள்ளித் தோழன் குடும்பத்தோடு ஜியோகேச்சிங் போனான். ஏதோ டப்பாவிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு பொம்மைக் காரோடு திரும்பி வந்தான். ஊரார் பொருளை இப்படி எடுத்து வருவது முறையா?
- வாசகி, ஹாரோ

பதில்: ஈடாக எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் முறைதான். ஒருவர் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு அதைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். இதுதான் விளையாட்டு. பொதுமக்களுக்குக் கிடைத்துவந்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் தானே புகுத்தி வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்துவிட்டு, எதையாவது எடுங்கள், எதையாவது வையுங்கள் என்று அறிவித்தார். அந்த வழக்கமே இன்றுவரை தொடர்கிறது.

எடுப்பதற்குச் சமமான அல்லது கூடுதல் மதிப்புள்ள பொருளை வைக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அது மீறப்படுவதால்தான் நல்ல பொருள்களோடு தொடங்கும் டப்பாக்கள் ஒரே வருடத்தில் பழைய பேருந்துச் சீட்டும் உடைந்த பொத்தானுமாகிவிடுகின்றன. அல்மரின் வாளியில் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்றைய விதிப்படி உணவுப் பொருள் எதையும் வைக்கக்கூடாது. மிட்டாயின் மணம் எலிக்கும் நரிக்கும் எட்டிவிட்டால் அவை பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைத்துவிடும் என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லி வையுங்கள். அந்தக் காரில் எண் பொறித்த உலோகத் தகடு ஏதும் தொங்கினால் அது அவனுக்குரியதன்று. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி: கைபேசி காட்டும் இடத்தில் நின்று எவ்வளவு தேடினாலும் டப்பா அகப்படுவதில்லை. கோளாறு கருவியிலா, என் கண்ணிலா?
- வாசகர், ரெடிங்

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. திறந்த வானத்தின் கீழேகூடக் கைபேசி சுமார் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டலாம். மறைத்தவரின் கருவிக்கும் அதே குறை உண்டு. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால், டப்பா ஒரு புதரில் இருக்க, நீங்கள் பத்து மீட்டருக்கு அப்பால் வேறொரு புதரைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். ஈர இலைகள் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும், சமிக்ஞை சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். எண்களைக் கையால் தட்டுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்: அட்சரேகையில் நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர்தான் நகரும், இரண்டாம் இலக்கம் ஒன்று மாறினால் 18.5 மீட்டர் நகர்ந்துவிடும்.

ஆகவே பத்து மீட்டருக்குள் வந்ததும் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, மறைத்தவர் எங்கே வைத்திருப்பார் என்று யோசியுங்கள். காற்றில் விழுந்த குச்சிகள் ஒரே திசையில் வரிசையாகக் கிடப்பதில்லை. பத்து போல்ட்டுகள் துருப்பிடித்த வேலியில் ஒன்று மட்டும் பளபளத்தால் அதைத் திருகிப் பார்க்கலாம். பூங்கா பெஞ்சின் அடிப்புறத்தில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் விரல்நுனி அளவு உருளையைக் கண்ணால் காண முடியாது, கையால் தடவித்தான் அறிய முடியும். (தடவுவதற்கு முன் குனிந்து பாருங்கள்; முந்தைய நாள் யாரோ ஒட்டிய சூயிங்கம்மும் அங்கேதான் இருக்கும்.) சாந்து பூசாமல் கற்களை மட்டும் அடுக்கிக் கட்டிய பண்ணைச் சுவர்களில் எந்தக் கல்லையும் பிடுங்காதீர்கள். அப்படிப்பட்ட சுவரைச் சேதப்படுத்தும் விதத்தில் டப்பா வைப்பதே தவறு. ஒவ்வொரு டப்பாவுக்கும் உரிய இணையப் பக்கத்தில், ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்த துப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைப் படிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று தவறாமல் பதிவிடுங்கள். டிஎன்எஃப் எனப்படும் இந்தப் பதிவைப் பலர் தோல்விச் சான்றிதழாக நினைத்து விழுங்கிவிடுகிறார்கள். அடுத்தடுத்து நான்கு பேர் இப்படி மௌனமாகத் திரும்பினால், டப்பா காணாமற்போன செய்தி மறைத்தவருக்குப் போவதே இல்லை. ஐந்தாவதாக ஒரு குடும்பம் குழந்தைகளோடு பேருந்து பிடித்து வந்து, நெட்டில் செடியில் கால் எரிய நின்று ஏமாறும். எங்கே தேடினீர்கள், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், போய்ப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் அதைக் கொண்டே முடிவு செய்துவிடுவார்.

கேள்வி: இது அமெரிக்காவிலிருந்து வந்த விளையாட்டுதானா?
- வாசகர், பிரிஸ்டல்

பதில்: ஜிபிஎஸ் வைத்து விளையாடுவது அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 1854இலேயே டார்ட்மூரின் க்ரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வருவோர் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுச் செல்ல ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அதிலிருந்து வளர்ந்த, மறைத்து வைத்த பெட்டிகளைத் துப்புகளைக் கொண்டு தேடும் லெட்டர்பாக்சிங் அங்கே இன்றும் நடக்கிறது. பிரிஸ்டலிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம்.

கேள்வி: தனியாகப் போய்ப் புதருக்குள் கை விடும்போது, வழியில் போகிறவர்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நம் நிறத்துக்கு அந்தப் பார்வை கொஞ்சம் கூடவே நீள்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: உங்கள் தயக்கம் வீண் கற்பனையன்று. 2011 ஜூலையில் மேற்கு யார்க்‌ஷயரின் வெதர்பி நகரத்தில், யாரோ ஒருவர் சந்தேகத்துக்கிடமாக எதையோ வைத்துப் போனதாகத் தகவல் கிடைத்து, கடைத்தெருவிலிருந்து மக்களை வெளியேற்றி, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் ஒரு ஜியோகேச் டப்பாவை வெடிக்கச் செய்து அழித்தார்கள். விளையாட்டில் சேராதவர்களின் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும் என்ற வழக்கத்தை அளவுக்கு மீறிப் பின்பற்றினால் வரும் வினை இது.

பதுங்குவதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் தேடுவதை நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்காருங்கள், அல்லது வேறு நாள் வாருங்கள். ஒளிரும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு நகராட்சி ஊழியரைப் போல நடிக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். பிடிபட்டால் விளக்குவது இன்னும் கடினம். யாராவது கேட்டால், திரையைக் காட்டி இன்ன விளையாட்டு என்று நேராகச் சொல்லிவிடுங்கள், காவலர் கேட்டாலும் அதேதான். குழந்தைகள் விளையாடும் திடலை ஒட்டிய டப்பாக்களைத் தனியாக வரும் ஆண்கள் தவிர்ப்பது நல்லது. இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும்.

கேள்வி: கண்டுபிடித்ததும் டிஎஃப்டிசி என்று நான்கு எழுத்துப் போட்டால் போதாதா?
- வாசகி, க்ராய்டன்

பதில்: டப்பா வைத்ததற்கு நன்றி என்பதன் சுருக்கம் அது. ஒரே பாதையில் வரிசையாக வைத்த ஐம்பது டப்பாக்களுக்கு அது போதும். யோசித்து யோசித்து ஒருவர் செய்து வைத்த மரப்பெட்டிக்கு அதைப் போடுவது, விருந்து உண்டுவிட்டுக் கையை மட்டும் கழுவிக்கொண்டு எழுந்து போவதைப் போன்றது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரு டப்பாவைப் பராமரித்து வருகிறேன். தாள் நனைந்துவிட்டது என்று அடிக்கடி குறைசொல்கிறார்கள். போன மாதம் யாரோ டப்பா காணோம் என்று தாமே ஒரு ஃபிலிம் டப்பியைப் போட்டு, கண்டுபிடித்ததாகப் பதிவும் செய்துவிட்டார். என் டப்பா பத்திரமாக அங்கேயே இருந்தது!
- வாசகர், லெஸ்டர்

பதில்: இரண்டாவது புகாரில் நீங்கள் சொல்வதே சரி. த்ரோடவுன் எனப்படும் இந்தப் பழக்கம் உதவி போலத் தோன்றினாலும், எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் குறுக்குவழிதான். இப்போது அங்கே இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன, வருகிறவர்கள் தவறானதில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த டப்பியை எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவை நீக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் ஒரு மரியாதையான செய்தி அனுப்பிவிட்டு நீக்குங்கள், ஏனெனில் போட்டவர் புதியவராகவும் இருக்கலாம்.

முதல் புகாரைக் கோபமின்றி எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் விளிம்பில் ஒரு மண்துகள் இருந்தாலே மழைநீர் இறங்கிவிடும். ஃபிலிம் டப்பி ஈரத்தைத் தடுப்பதே இல்லை. நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும், ரப்பர் வளையம் உள்ள சமையலறை டப்பா நன்றாக உழைக்கும். தாளை ஜிப் வைத்த பையில் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள். ஈரத்திலும் குளிரிலும் அது எழுதும். போய்ப் பார்க்க நேரமில்லாத மாதங்களில் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி வைக்கலாம். பராமரிக்கவே முடியாது என்றால் டப்பாவைக் கையோடு எடுத்துவந்துவிட்டு, பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடுங்கள். டப்பாக்களுக்கிடையே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால், கைவிடப்பட்ட டப்பா ஒன்று நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். புதிதாக வைக்க விரும்புகிறவருக்கு அங்கே அனுமதி கிடைக்காது.

கேள்வி: ஒரு டப்பாவில் ட்ராவல் பக் கிடைத்தது. அதை அடுத்த மாதம் சென்னைக்குக் கொண்டுபோகலாமா?
- வாசகி, வெம்ப்ளி

பதில்: டப்பாவுக்கு டப்பா கைமாறிப் பயணம் செய்வதற்கென்றே விடப்படும், எண் பொறித்த அந்தத் தகட்டின் உரிமையாளர், அது எங்கே போக வேண்டும் என்று இணையப் பக்கத்தில் எழுதியிருப்பார், முதலில் அதைப் படியுங்கள். 2013இல் ஒரு ட்ராவல் பக் விண்வெளி வீரர் ரிக் மஸ்த்ராக்கியோவோடு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே போயிருக்கிறது, ஆகவே சென்னைப் பயணத்துக்கு எதிர்ப்பு வராது. இரண்டு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதாக இருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்; தகட்டின் எண் தெரியும்படி படம் எடுத்துப் போடாதீர்கள், அந்த எண்ணைப் பார்த்த எவரும் அது தம் கைக்கு வந்ததாகப் பதிவிட முடியும். சென்னையில் டப்பாக்கள் குறைவு என்பதால், தகடு கொள்ளும் அளவுள்ளதாகவும் அண்மையில் யாராவது கண்டெடுத்ததாகவும் உள்ள ஒன்றைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று அமையாவிட்டால், அண்ணா சாலை நடைபாதையில் விட்டுவிடாமல் வெம்ப்ளிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். தேடுவதற்குக் கைபேசி போதும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவி உங்களிடம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் அதைக் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம்.